தினமும் செய்ற சின்னச் சின்ன பழக்கம்: ரங்கோன்ல இருக்கிற நமக்கு எது ஒத்து வரும்?

டாம்வே_மளிகை:
எல்லாருக்கும் வணக்கம். வயசு 48, டாம்வேல மளிகைக்கடை. காலையில ஷட்டர தூக்குனா ராத்திரி எறக்குற வரைக்கும் ஸ்டூலுதான் கதி, நடக்கிறதுன்னா கல்லாவுலருந்து அரிசி மூட்டை வரைக்கும் அவ்ளோதான். போன வாரம் வெறும் வயித்துல ரத்தம் எடுத்தா சுகர் 112. டாக்டர் சொன்னாரு இன்னும் வியாதின்னு சொல்ல முடியாது ஆனா வாசல்ல வந்து நிக்குது, மாத்திரை இப்போ வேணாம், பழக்கத்த மாத்துங்க, மூணு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்னு. சரின்னு யூடியூப்ப தொறந்தா ஒருத்தன் விடியகாலம் நாலு மணிக்கு எழுந்திரிங்கிறான், ஒருத்தன் ஐஸ் தண்ணில குளிங்கிறான், இங்க கரண்டு வந்து போற லட்சணத்துல ஃப்ரிட்ஜே பாதி நேரம் சும்மா நிக்குது, இன்னொருத்தன் அவகாடோவும் ஓட்ஸும் சாப்பிடுங்கிறான். அவகாடோ நம்ம ஷான் மலைலருந்தே வருது சீசன்ல வாங்கலாம், ஓட்ஸ் வெலைய கேட்டாதான் தல சுத்துது.

அதனால நம்ம ஆளுங்ககிட்டயே கேக்குறேன். நம்ம சாப்பாடு, நம்ம மழை, நம்ம கரண்டு கட்டு, இதுக்குள்ள யாருக்கு எந்தப் பழக்கம் நெஜமாவே நின்னுச்சு? ஜிம்முக்கு போங்கன்னு சொல்றவங்க தயவு செஞ்சு வேற இழைக்கு போயிருங்க.

கயிறு_மணி_அக்கா:
தம்பி நாங்க டவுன்ல அஞ்சாவது மாடி, லிஃப்ட் கெடையாது, படி செங்குத்தா ஏணி மாதிரி இருக்கும். எல்லா வீட்லயும் இருக்கிற மாதிரி எங்க பால்கனிலருந்தும் ஒரு கயிறு தொங்கும், கீழ் நுனில ஒரு கிளிப்பு, மேல ஒரு சின்ன மணி. பேப்பர்க்காரன், காய்க்காரம்மா, டீக்கடை பையன் யாரு வந்தாலும் கயித்த இழுப்பாங்க மணி அடிக்கும், நான் காச கிளிப்புல மாட்டி விடுவேன், சாமான மாட்டி அனுப்புவாங்க, மேல இழுத்துக்குவேன். ஒரு நாள் பூரா காலு தரையில படாமலே குடும்பம் நடத்தலாம். மூட்டு வலிக்கி பிசியோ பாக்குற பொண்ணு ஒண்ணே ஒண்ணு சொல்லிச்சு, மாமி காலையில வர்ற அவிச்ச பட்டாணி பேபியோ மட்டும் கயித்துல வாங்காதீங்க இறங்கி போய் வாங்குங்கன்னு. அந்தம்மா தலையில தட்ட வச்சிக்கிட்டு பேபியோஓஓன்னு ராகம் போட்டுகிட்டு வரும்போதே நான் படியில பாதி எறங்கிருப்பேன். மொதல்ல மூணாவது மாடில நின்னு மூச்சு வாங்கும், இப்ப வாங்குறதில்ல. எக்சர்சைஸுன்னு பேரு வச்சிருந்தா நான் செஞ்சிருக்கவே மாட்டேன், இது பட்டாணி வாங்குறது. மத்த சாமானெல்லாம் இன்னும் கயித்துலதான் வருது, பொய் சொல்ல மாட்டேன்.

மோல்மீன்_மாப்ள:
சூப்பர் அக்கா. அண்ணே நான் என்ன சொல்றேன்னா வாட்ச் ஒண்ணு வாங்கி கட்டுங்க, தெனம் பத்தாயிரம் ஸ்டெப்பு, அத விட்டா வேற வழி இல்ல. என் ஆபீஸ்ல எல்லாரும் அதுதான் பண்றாங்க.

நைட்டூட்டி_சயாமா:
மாப்ள, ஆஸ்பத்திரி வார்டுல வேல பாக்குறவளா சொல்றேன், அந்த பத்தாயிரம் எந்த டாக்டரும் கண்டுபிடிச்சதில்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிஞ்ச கையோட 1965ல ஜப்பான்ல ஒரு கம்பெனி இடுப்புல மாட்டுற ஸ்டெப் மிஷின் வித்துச்சு, அதுக்கு விளம்பரத்துக்கு வச்ச நம்பர் அது. 2019ல அமெரிக்காவுல வயசான பொம்பளைங்கள வச்சு ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, சராசரி வயசு 72, அதுல நாளைக்கி 2700 ஸ்டெப்பு நடந்தவங்கள விட 4400 நடந்தவங்களுக்கே சாவு ரிஸ்க் கொறைவா இருந்துச்சு, 7500க்கு மேல போனா கூடுதல் லாபம் ஒண்ணும் பெருசா தெரியல. அதனால ஸ்டூல்ல உக்காந்திருக்க மனுஷன்கிட்ட எடுத்ததுமே பத்தாயிரம்னு சொன்னா அவரு ரெண்டாவது நாளே வாட்ச கழட்டி கல்லாவுல போட்ருவாரு.

மளிகை அண்ணே, உங்க 112ன்னா 100லருந்து 125 வரைக்கும் இருக்க அந்த நடுப்பகுதி, 126ஓ அதுக்கு மேலயோ போனாதான் சக்கரை வியாதின்னு கணக்கு, அதுவும் இன்னொரு தடவ பாத்து உறுதி பண்ணணும். ஹெச்பிஏ1சின்னு ஒரு டெஸ்ட் இருக்கு, கடந்த ரெண்டு மூணு மாச சராசரிய காட்டும், அதையும் ஒரு தடவ பாத்துருங்க. உங்களுக்கு நான் சொல்றது ஒரே ஒரு வேலை. சாப்பிட்டு கைய கழுவுன ஒடனே ஸ்டூல்ல உக்காராம பத்து பதினஞ்சு நிமிஷம் நடங்க. சோறு ரத்தத்துல சக்கரையா ஏறுற நேரம் அதுதான், அந்த நேரத்துல கால் தசை வேல செஞ்சா அந்த சக்கரைய இன்சுலினுக்கு ரொம்ப காத்திருக்காமலே எடுத்துக்கும். காலையில வெறும் வயித்துல ஒரு மணி நேரம் நடந்துட்டு மதியம் மூணு தட்டு சோறு சாப்பிட்டு தூங்குறதுக்கு இது எவ்ளவோ மேல். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் செய்ங்க, அப்ப கடையும் சாத்தியிருப்பீங்க.

டாம்வே_மளிகை:
சயாமா ரொம்ப நன்றி. ராத்திரி எங்க தெருவுல லைட்டு இருக்காது நாய் வேற. கடைக்குள்ளயே நடந்தா ஆகுமா?

நைட்டூட்டி_சயாமா:
ஆகும். போன்ல யார்கிட்டயாவது பேசிகிட்டே நடங்க, நேரம் போறதே தெரியாது.

பால்கம்மி_டீ:
எல்லாரும் காலப் பத்தியே பேசுறீங்க, டீய பத்தி யாரும் வாய தொறக்கல. நம்ம ஊர்ல சுகர் ஏறுறது சோத்துல பாதின்னா டீக்கடையில மீதி. டின் பால் ஒரு பெரிய ஸ்பூன் ஏறக்குறைய 20 கிராம், அதுல பாதிக்கு மேல சக்கரை. ச்சோ செய்ன், அதாவது இனிப்பும் பாலும் தூக்கலா ஒரு டீன்னு சொன்னீங்கன்னா அவன் கிளாஸுக்கு அடியில ஊத்துறத பாத்திருக்கீங்களா, வெள்ளையா ஒரு விரக்கடைக்கு நிக்கும், அதுக்கு மேல டிகாஷன், அதுக்கு மேல மறுபடி சுண்டவச்ச ஏவப் பால். உலக சுகாதார நிறுவனம் சேத்துக்கிற சக்கரை நாளைக்கி 50 கிராமுக்குள்ள, முடிஞ்சா 25க்குள்ளன்னு சொல்லுது. ஒரு ஆள் தெனம் நாலு டீ குடிச்சா அந்த 25 எங்க நிக்கும் சொல்லுங்க.

நான் டீய விடல, விடவும் மாட்டேன், டீக்கடைய விட்டா எனக்கு சிநேகிதனே இருக்க மாட்டான். செஞ்சது என்னன்னா மொத டீ மட்டும் டீ, அதுவும் போ ச்சான்னு சொல்லிருவேன், பால் இனிப்பு ரெண்டும் கம்மியா கடுப்பமா வரும். அதுக்கப்புறம் மேசை மேல ஃப்ளாஸ்க்குல சும்மா வச்சிருக்கானே பச்சை டீத்தண்ணி, காசே இல்லாதது, அதையே ஊத்தி ஊத்தி குடிச்சிகிட்டு உக்காந்திருப்பேன். மொதல்ல வாயில ஒண்ணுமே படாத மாதிரி இருந்துச்சு, கொஞ்ச நாள்ல ச்சோ செய்ன் குடிச்சா பாயசம் குடிக்கிற மாதிரி ஆயிருச்சு. கடைக்காரன் மொறைப்பான்னு நெனச்சேன், அவன் பாட்டுக்கு ஃப்ளாஸ்க்க மாத்தி வச்சிட்டு போறான்.

26ஆம்_தெரு_பாய்:
அஸ்ஸலாமு அலைக்கும். பால்கம்மி சொன்னது நூத்துக்கு நூறு. ஆனா டீக்கடைக்கு வெளிய நிக்கிற வெத்தலைத் தட்டு, அத யாரும் சொல்லல. ரங்கோன் செவரு பூரா செவப்பா இருக்கறது யாரோட வாய்லருந்து வந்துச்சு? நம்ம ஆளுங்க சொல்றது, பாய் நான் போயெல போடுறதில்ல, வெறும் பாக்கு சுண்ணாம்புதான்னு. 2004லயே உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு போயெல இல்லாத வெத்தலை பாக்கும் புத்துநோய் வரவைக்கும்னு மொத பிரிவுல சேத்துட்டாங்க, பாக்கே பிரச்சனை. எங்க மாமா ஒருத்தருக்கு வாய் கொஞ்சம் கொஞ்சமா தொறக்க முடியாம போச்சு, காரம் பட்டா எரியுதும்பாரு, நாங்க வாய்ப்புண்ணுன்னு நெனச்சோம், பல் டாக்டர்தான் கன்னத்துக்குள்ள தோலு இறுகிப் போச்சுன்னு கண்டுபிடிச்சாங்க.

ஒரு சின்ன சோதனை இருக்கு, கண்ணாடி முன்னாடி நின்னு உங்க விரல் மூணையும் அடுக்கி வாய்க்குள்ள நேரா விட்டு பாருங்க, மூணும் போகலன்னா பல் டாக்டர பாருங்க. வாய்க்குள்ள வெள்ளையாவோ செவப்பாவோ ஒரு திட்டு, இல்ல ரெண்டு வாரத்துல ஆறாத புண்ணு இருந்தாலும் அதேதான். விடறது எப்பிடின்னா நான் ஏலக்காய் ரெண்டு சட்டைப்பையில போட்டுக்குவேன், கை தானா பைக்கு போகும் அது வரும். எல்லாருக்கும் வேல செய்யும்னு சொல்ல மாட்டேன். எனக்கு பெருசா ஒதவுனது வெத்தலைக்கடை இல்லாத பக்கமா நடந்து பள்ளிவாசலுக்கு போனது, சுத்துவழிதான், நடையும் ஆச்சு.

தட்டோன்_வயக்காரன்:
நாங்க வயக்காட்டு ஆளுங்க எங்களுக்கு நடை பத்தல்லாம் யாரும் சொல்லித்தர வேணாம். ஆனா சாப்பாடு பத்தி ஒண்ணு. எங்கப்பத்தா சட்டியில தண்ணி ஊத்துன பழைய சோறு, பச்ச மொளகா, ஒரு கருவாட்டுத் துண்டு, இதுல எங்கள வளத்தாங்க. இப்ப பிள்ளைங்களுக்கு காலையில பாக்கெட் நூடுல்ஸ். சோத்த ஆற வச்சா அதுல இருக்கிற மாவுச்சத்துல கொஞ்சம் செரிக்காத வகையா மாறி சுகர மெதுவா ஏத்தும்னு இப்ப சொல்றாங்களாமே, உண்மையா சயாமா?

நைட்டூட்டி_சயாமா:
உண்மைதான், ஆனா கொஞ்சந்தான் மாறும், அத நம்பி ரெண்டு சட்டி சாப்பிட்றாதீங்க. நம்ம ஊர்ல தட்டுல முக்கால்வாசி சோறு, ஓரமா ஒரு கறி, அதுக்கு மேல எண்ணெ மெதக்கும். எண்ணெய சாய்ச்சு வடிச்சிட்டு கறிய எடுங்க, மொதல்ல கீரை காய சாப்பிடுங்க, சோத்த கடைசில. சோத்துக்கு பதிலா பேபியோ ஒரு கரண்டி கூட போட்டுக்குங்க, மொளகட்டி அவிச்ச பட்டாணி, அந்த வெலைக்கு அவ்ளோ புரதமும் நாரும் வேற எதுலயும் வராது. அக்கா அஞ்சு மாடி எறங்கி வாங்குறது வீணில்ல.

இன்னொண்ணு கருவாடு, ஙாப்பிங்கிற மீன் விழுது, மீன்சாறு. உப்பு நாளைக்கி 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூன் அளவு. நம்ம வீட்ல கறியில உப்பு, பக்கத்துல ஙாப்பி, மேல மீன்சாறு, தொட்டுக்க ஊறுகா. இதுல எதையாவது ஒண்ண எடுத்துருங்க, எல்லாத்தையும் எடுக்க சொல்லல, யாரும் எடுக்கவும் மாட்டீங்க.

மோல்மீன்_மாப்ள:
அப்ப அஜினமோட்டோ? அதானே எல்லா வியாதிக்கும் காரணம்?

நைட்டூட்டி_சயாமா:
அதுலயும் சோடியம் இருக்கு, ஆனா உப்புல இருக்கறதுல மூணுல ஒரு பங்குதான். பிரச்சன என்னன்னா நம்ம ஆளுங்க உப்பும் போடுவாங்க அதையும் போடுவாங்க, அளவே இல்லாம. உப்ப கொறைக்காம அத மட்டும் திட்டுறதுல அர்த்தமில்ல.

வியாசர்பாடி_பர்மா:
சென்னைலருந்து எட்டிப் பாக்குறேன், எங்க தாத்தா பாட்டி அறுபதுகள்ல கப்பல்ல வந்தவங்க. இங்க பீச் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடையில நின்னு சாப்புட்றப்ப நெனப்பேன், ரங்கோன்ல இருக்கவங்க இதவிட நல்லதா சாப்பிடுவாங்கன்னு. இந்த இழைய படிச்சா நீங்களும் எங்கள மாதிரியேதான் இருக்கீங்க. அத்தோவுல கோஸு வெங்காயம்லாம் பச்சையா நெறய போட்டு பிசையுவாங்களே, அத பாதிக்கு பாதி காயா கேட்டு வாங்குனா நல்ல சாப்பாடுதானே? பொரிச்ச தட்டை பேஜோவ மட்டும் தள்ளிட்டா போதும். தள்ளுறதுதான் கஷ்டம்.

சும்மா_படிக்கிறவன்:
எல்லாம் சரி. சுகர், உப்பு, ஸ்டெப்பு, ஒத்துக்குறேன். ஆனா எனக்கு எரிச்சல் வர்றது அடுத்து வரப்போற பாசிட்டிவா இருங்க கும்பல்தான். கரண்டு இல்ல, வெலவாசி இப்படி, பிள்ளைங்க பாதி பேரு வெளிநாடு போயாச்சு, இதுல காலையில எழுந்து கண்ணாடிய பாத்து சிரிங்க நன்றி சொல்லுங்கன்னு ஒருத்தன் சொன்னா அவன என்ன பண்றது? மனசு சரியில்லாதவன்கிட்ட சிரின்னு சொல்றது, ஜொரத்துல கெடக்கிறவன்கிட்ட ஓடுன்னு சொல்றதுதான்.

மண்டலே_மழை:
நீங்க சொல்றது எனக்கு புரியுது அண்ணே. நான் மண்டலே. 2025 மார்ச் 28 பூகம்பம், 7.7, எல்லாருக்கும் தெரியும். எங்க வீடு நின்னுச்சு, எதிர் வரிசை நிக்கல. அதுக்கப்புறம் ஒரு லாரி தெருவுல போனாலும் நான் எழுந்து கதவுகிட்ட போயிருவேன், ராத்திரி தலமாட்டுல செருப்பும் டார்ச்சும் வச்சிகிட்டுதான் படுப்பேன். சொந்தக்காரங்க போன் பண்ணி தைரியமா இரு தைரியமா இருன்னாங்க, போன வச்சா இன்னும் மோசமா இருக்கும். ஒதவுனது என்னன்னா பக்கத்து வீட்டு பர்மாக்கார ஆச்சி, தெனம் சாயங்காலம் வந்து வாசல்ல உக்காந்து பூண்டு உரிக்கும், என்னையும் உரிக்கச் சொல்லும். ஒண்ணும் பேசாது. பூண்டு உரிச்சிகிட்டே இருந்தா கை நடுக்கம் நிக்கும்.

செருப்பு டார்ச்சு இன்னும் வச்சிருக்கேன், அது பயத்துக்கு இல்ல, அது நல்ல பழக்கம்னே வச்சிக்கிட்டேன்.

நைட்டூட்டி_சயாமா:
மழை, செருப்பு டார்ச்ச எடுத்துராதம்மா, பூகம்பம் வந்தா காலுல கண்ணாடி குத்துறதுதான் ரொம்ப பேருக்கு ஆகுற காயம். பெரிய ஆபத்துக்கு அப்புறம் சத்தத்துக்கு திடுக்கிட்றது ஒடம்பு செய்ற வேலை, நீ கோழைன்னு அர்த்தமில்ல. அந்த நேரத்துக்கு மூச்ச உள்ள இழுக்கறதவிட வெளிய விடறத நீளமா விடு, நாலு எண்ணி இழு ஆறு எண்ணி விடு, நெஞ்சு அடிக்கிறது கொறையும். ஆனா எல்லாரும் கேட்டுக்குங்க, ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் பிடிப்பில்ல, தூக்கமில்ல, சாப்பாடு எறங்கலன்னா அது பழக்கத்துல தீர்ற விஷயமில்ல, டாக்டர பாக்கணும். சும்மா படிக்கிற அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு சரி, சிரின்னு சொல்லி யாருக்கும் சரியானதில்ல.

பால்கம்மி_டீ:
ஹார்வர்டுல 1938லருந்து ஒரே ஆளுங்கள அவங்க சாகுற வரைக்கும் தொடர்ந்து பாத்துகிட்டு வர்ற ஒரு ஆய்வு இருக்கு, இப்ப அவங்க பிள்ளைங்களையும் பாக்குறாங்க. வயசான காலத்துல யாரு நல்லா இருந்தாங்கன்னு பாத்தா, நெருக்கமான நாலு பேரு இருந்தவன்தான், காசோ பேரோ அதுக்கு அப்புறந்தான். அந்த ஆச்சி பூண்டு உரிக்கிறதுக்கு இவ்ளோ வருஷ ஆராய்ச்சி.

டாம்வே_மளிகை:
தியானம் யாராவது செய்றீங்களா? கடையில வர்ற பர்மாக்காரங்கள்ல பாதி பேரு செய்றாங்க, நமக்கு அது அவங்க மதம்னு ஒரு தயக்கம்.

தட்டோன்_வயக்காரன்:
தயக்கம் எதுக்கு. விபாசனா தியானம் சொல்லிக்குடுத்த கோயங்கா யாரு, மண்டலேல 1924ல பொறந்த மார்வாடி வீட்டுப் பிள்ளை, இந்துதான், வியாபாரி. ஒத்தத் தலைவலி தாங்காம ஊரெல்லாம் வைத்தியம் பாத்து கடைசியா 1955ல ஊ பா கின் கிட்ட வந்தாரு, அவரு சர்க்கார்ல அக்கவுண்டன்ட் ஜெனரலா இருந்தவரு, 1952ல ரங்கோன்ல தியான சென்டர் தொடங்குனவரு. தலவலிக்கு மட்டும்னா இங்க வராதேன்னு மொதல்ல சொல்லிட்டாராம். அப்புறம்தான் சேத்துக்கிட்டாரு. 1969ல கோயங்கா இந்தியா போயி சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சாரு, இப்ப உலகம் பூரா பத்து நாள் கோர்ஸ் நடக்குது, ஃபீஸ் கெடையாது, முடிச்சவங்க விரும்புனத குடுப்பாங்க. நான் பத்து நாளு போகல, அறுப்பு நேரத்துல யாரு விடுவா. காலையில மாட்ட அவுத்து விட்டுட்டு வரப்புல உக்காந்து மூச்ச கவனிக்கிறதோட சரி. மனசு நிக்காது, கடன்காரன் ஞாபகம் வரும், மறுபடி மூச்சுக்கு வருவேன், அவ்ளோதான் தியானம்.

ச்சின்லோன்_செல்லம்:
தாத்தா வயசு ஆளுங்களா இருக்கீங்க எல்லாரும், நான் ஒருத்தன்தான் இருபத்தஞ்சு போல. சாயங்காலம் இன்சீன்ல எங்க தெருமுனைக்கு வாங்க, கைலிய தொடை வரைக்கும் மடிச்சு சொருகிட்டு ஆறு பேரு வட்டமா நின்னு ச்சின்லோன் ஆடுவோம், பிரம்புல பின்னுன பந்து, கையே படக்கூடாது, காலு முட்டி தல எதுல வேணா தட்டலாம், கீழ விழாம இருக்கணும். எதிர் டீம் கெடையாது, யாரும் தோக்க மாட்டாங்க. பந்து கால்ல பட்டா டக் டக்னு ஒரு சத்தம் வரும், அது நின்னா விழுந்துச்சுன்னு அர்த்தம். நடுவுல நிக்கிறவன் கலக்குவான் மத்தவங்க அவனுக்கு பந்த எடுத்து குடுக்கணும். எங்க கூட அறுபது தாண்டுன ஊ (பெரியவர்) ஒருத்தர் நிக்கிறாரு, அவரு ஓரமா நின்னு வர்றத மட்டும் தட்டி விடுவாரு. அந்த அரை மணி நேரம் யார் கையிலயும் போன் இருக்காது. மனசு நல்லா இருக்கறதுக்கு எனக்கு தெரிஞ்ச ஒரே வழி இது.

கயிறு_மணி_அக்கா:
அய்யோ நான் கைலிய மடிச்சு சொருகினா எங்க வீட்டு ஐயா வீட்ட விட்டே போயிருவாரு. ஆனா மழை நாள்ல உங்களுக்கு ஆட்டம் இல்லியே, மே மாசம் புடிச்சா அக்டோபர் வரைக்கும் ஊத்துதே, அப்ப என்ன பண்றது?

ச்சின்லோன்_செல்லம்:
நனைஞ்சுகிட்டே ஆடுவோம் அக்கா.

26ஆம்_தெரு_பாய்:
மழைன்னதும் ஞாபகம் வந்துச்சு. தொட்டி, ட்ரம்மு, பூச்சட்டி அடித்தட்டு எல்லாத்தையும் வாரத்துக்கு ஒரு நாள் கொட்டி தேய்ச்சு கழுவுங்க, சும்மா தண்ணிய மாத்துனா பத்தாது, டெங்கு கொசு முட்டை செவத்துல ஒட்டிகிட்டு இருக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும், அதான் வாரத்துக்கு ஒரு தடவ. நாங்க வெள்ளிக்கெழமை ஜும்மாவுக்கு குளிக்கிறதுக்கு முன்னாடி செஞ்சிருவோம், நாள் மறக்காது. அது பகல்ல கடிக்கிற கொசு, ராத்திரி வலை கட்டுறவங்களும் ஏமாந்துருவாங்க.

மோல்மீன்_மாப்ள:
நான் பாத்த வரைக்கும் எல்லாரும் எதையோ ஏற்கெனவே செய்ற வேலையோட முடிச்சு போட்டுருக்கீங்க, பட்டாணியோட படி, ஜும்மாவோட தொட்டி, டீக்கடையோட ஃப்ளாஸ்க்கு. நான்தான் தனியா வாட்ச்ச கட்டிகிட்டு திரியறேன். 21 நாள் செஞ்சா பழக்கமாயிரும்ங்கிறாங்களே, எனக்கு மூணாவது வாரத்துக்கு மேல எதுவும் நின்னதில்ல.

நைட்டூட்டி_சயாமா:
21 நாளுக்கு எந்த ஆதாரமும் இல்ல. லண்டன்ல 96 பேர வச்சு பாத்தாங்க, சராசரி 66 நாள், ஒருத்தருக்கு 18, இன்னொருத்தருக்கு 254ன்னு கணக்கு போட்டாங்க. நடுவுல ஒரு நாள் விட்டுப் போனா பெருசா ஒண்ணும் கெட்டுப்போகலன்னும் அதுலயே இருக்கு. அதனால மூணு வாரத்துல நிக்கலன்னு வாட்ச வித்துராதீங்க. மோல்மீன்ல இருக்கீங்க, மலை மேல புத்தர் பகோடா இருக்கு, சாயங்காலம் ஏறுங்க.

பகோடான்னதும் ஒண்ணு சொல்லணும். ஷ்வேடகோன்ல காலையில வெறுங்கால்ல சுத்துறது நல்ல நடை, நம்ம ஆளுங்க நெறைய பேரு பொறந்த கெழமைக்குன்னு இருக்க மூலையில தண்ணி ஊத்திட்டு சுத்துறாங்க, புதன்கெழமைக்காரங்களுக்கு காலைக்கி ஒரு மூலை மதியத்துக்கு ஒரு மூலைன்னு ரெண்டு இருக்கும். ஆனா சுகர் ரொம்ப நாளா இருக்கவங்களுக்கு காலுல உணர்ச்சி கொறஞ்சிருக்கும், சித்திரை வெயில்ல மத்தியானம் அந்த பளிங்குல நடந்தா தோல் வெந்து கொப்பளிக்கறதே தெரியாது. எங்க வார்டுக்கு வந்திருக்காங்க. விடியகாலம் போங்க, இல்ல பொழுது சாஞ்சு போங்க, வீட்டுக்கு வந்து உள்ளங்கால கண்ணாடி வச்சு பாருங்க.

தட்டோன்_வயக்காரன்:
அப்ப தீமிதி?

நைட்டூட்டி_சயாமா:
இத கேப்பீங்கன்னு தெரியும். காலுல உணர்ச்சி இல்லாதவங்க எறங்கக் கூடாது. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா, பால்குடம் எடுங்க.

தட்டோன்_வயக்காரன்:
எங்கண்ணன்கிட்ட இத நீங்களே வந்து சொல்லணும் சயாமா, நான் சொன்னா வெட்ட வருவாரு.

சும்மா_படிக்கிறவன்:
சரி நானும் ஒண்ணு சொல்லிட்டு போறேன், சும்மா திட்டிட்டு மட்டும் போனதா இருக்க வேணாம். சர்க்குலர் ட்ரெய்ன்ல வேலைக்கி போறவன் நான். நியூஸ் பாக்குறத அந்த ட்ரெய்ன்ல மட்டும்னு வச்சிகிட்டேன், ஸ்டேஷன்ல எறங்குனா போன் உள்ள. முன்னாடி படுக்கையில பாத்துட்டு விடிய விடிய முழிச்சிருப்பேன். நாட்டு நெலம மாறல, நான் தூங்குறேன், அவ்ளோதான். இத பாசிட்டிவ்னு யாராவது சொன்னீங்க, கெட்ட வார்த்தை வரும்.

டாம்வே_மளிகை:
😂 சொல்ல மாட்டோம் அண்ணே. நான் இப்ப என்ன பண்றேன்னா ராத்திரி சாப்டுட்டு கடைக்குள்ளயே நடக்குறேன், திருச்சில இருக்க தங்கச்சிக்கு போன் போட்டு பேசிகிட்டே. நாலு மூட்டைய எடம் மாத்தி வழி பண்ணிருக்கேன். அவ என்னான்னா ஏண்ணே தெனம் போன் பண்றே எதாச்சும் பிரச்சனையான்னு பயந்துட்டா. டீ போ ச்சாவுக்கு மாறியாச்சு, வாய் இன்னும் ஒத்துக்கல. சயாமா ஒரு கேள்வி, வீட்ல பிபி மிஷின் ஒண்ணு வாங்குனேன், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு காட்டுது, ஒரு நேரம் 150 ஒரு நேரம் 128, மிஷின் கெட்டதா?

நைட்டூட்டி_சயாமா:
மூட்டை தூக்கிட்டு வந்து ஒடனே பாத்தீங்களா? மொதல்ல அஞ்சு நிமிஷம் சும்மா உக்காருங்க. ஸ்டூல் வேணாம், முதுகு சாயுற நாக்காலி, ரெண்டு காலும் தரையில, கால் மேல கால் போடக்கூடாது, கை மேசை மேல நெஞ்சு மட்டத்துல, பேசக்கூடாது. ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவ பாத்து ரெண்டையும் எழுதி வைங்க. அப்பிடி பாத்தும் வீட்ல அடிக்கடி 135/85க்கு மேல வந்தா நோட்ட டாக்டர்கிட்ட காட்டுங்க.

ஞாயித்துக்கெழமை எனக்கு லீவு, கண்டோஜி ஏரிப்பக்கம் காலையில நடக்க வர்றேன், ரங்கோன்ல இருக்கவங்க யாரு வேணா வாங்க. மளிகை அண்ணே உங்க மிஷின எடுத்துட்டு வாங்க, என்னோடதோட வச்சு ஒத்துப் பாத்துருவோம். வர்ற வழியில யாரும் டீ குடிச்சிராதீங்க, அளக்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி டீ சிகரெட் ரெண்டும் ஆகாது. மொதல்ல அளந்துட்டு, நடந்து முடிச்சு அப்புறம் குடிப்போம்.

பால்கம்மி_டீ:
அளந்து முடிக்க எவ்ளோ நேரம் ஆகும்?

கயிறு_மணி_அக்கா:
நான் பேபியோ கொண்டு வர்றேன். எத்தன பேருன்னு இங்கயே சொல்லிருங்க.